பின்னுக்கு வளர்ந்த பிக்கப்

நீர்வேலியில் மற்றவர்களுடைய வாகனங்களுக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு வயது கூடியது. நமசிவாயத்தின் பிக்கப்புக்கு மட்டும் மொத்தமாகக் கூடியது. எண்பத்து நாலாம் ஆண்டு மொடலாக வீட்டுக்கு வந்த வண்டி, தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சித்திரை பிறப்பதற்குள் எழுபத்தோராம் ஆண்டு மொடலாகிவிட்டது. இதைக் கண்டுபிடித்தவள் அவருடைய மனைவி குணலட்சுமி. கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் சந்தேகக்காரி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயமான பேச்சு. வாழைக்குலை வியாபாரியின் பெண்சாதி குலையை எண்ணாமல் ஏற்றவிட்டால் குடும்பம் நடத்த முடியுமா? எண்ணுகிற கண் எல்லாவற்றையும் எண்ணும். அவளுடைய கண் எண்ணியது பிக்கப்பை.

அந்த வீட்டுக்கு வந்தவை மூன்று பிக்கப். மூன்றும் ஒரே யப்பான் கொம்பனியின் பிள்ளைகள். முதலாவது, அவளுடைய மாமனார் எழுபத்தொன்றில் வாங்கியது. பெற்றோல் எஞ்சின். கியர்த் தடி ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும், அதனால் முன்சீற்றில் மூன்று பேர் இடிபடாமல் இருக்கலாம். கலியாணம் முடிந்து அந்த நடு இடத்தில் இருந்துதான் அவள் நீர்வேலிக்கு வந்தாள். நாலு சில்லுக்கும் டிறம் பிறேக். மாரி வெள்ளத்தில் ஓடினால் டிறம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும். பிறகு பிறேக் பிடிப்பது கடவுளின் விருப்பம். இரண்டாவது வந்தபோது கியர் கீழே இறங்கியது, எஞ்சின் பெரிதானது, பின்தட்டு நீண்டது. மூன்றாவதுதான் இந்த எண்பத்து நாலு. எண்பத்து மூன்று கலவரம் முடிந்த அடுத்த வருடம், கொழும்பு என்றாலே சனம் நடுங்கிய நேரத்தில், நமசிவாயம் போய்ப் புதிதாகவே எடுத்து, ஒரே ஓட்டில் கொண்டுவந்து வளவுக்குள் விட்டார்.

அதற்குப் பிறகு மனிதர் வேறு கதை கதைக்கவில்லை. டீசல் எஞ்சின். ஐந்து கியர். முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக், வெள்ளத்திலும் பிடிக்கும். முன்பக்கத்தில் சுருள் வில்லை எடுத்துவிட்டு டோர்ஷன் பார் என்று ஒரு முறுக்குக் கம்பி. அதன் நட்டைத் திருகினால் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தலாம், இறக்கலாம். வட்ட விளக்குப் போய்ச் சதுர விளக்கு. குலை வாங்க வந்தவர்களுக்கும் சொன்னார், செத்தவீட்டில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னார். கேட்டுக் கேட்டுக் குணலட்சுமிக்கு எல்லாம் தேவாரம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது. பெருமையும் வந்துவிட்டது. நீர்வேலியில் வேறு எந்தப் பெண்ணுக்கு முறுக்குக் கம்பி என்றால் என்னவென்று தெரியும்?

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கி, டீசல் வரத்து நின்றது. நமசிவாயம் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெயைக் கலந்து ஊற்றி ஓடினார். வண்டி போன வழியெல்லாம் வடை சுட்ட மணம். சுன்னாகத்துக்கும் கொடிகாமத்துக்கும் அயல் தோட்டங்களின் குலையெல்லாம் அதில்தான் போயின. பிக்கப் நின்றால் அடுப்பும் நிற்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நல்ல டீசல் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த நாளில் இன்னொரு பயமும் இருந்தது. இயக்கப் பொடியள் வந்து, அலுவலுக்கு வேண்டும் என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், ஆனால் கேட்டால் கொடுக்கவேண்டும், கொடுத்தது திரும்பி வந்ததாகக் கதை இல்லை. குணலட்சுமிக்கு மட்டும் அந்தப் பயம் இருக்கவில்லை. அவளுடைய தம்பி கனகரத்தினம் பல வருடமாக முல்லைத்தீவுப் பக்கம் இருந்துவிட்டு, தொண்ணூற்று இரண்டில் ஊருக்கு வந்து, பொடியளோடு நின்று கிராமத்து அலுவல்கள் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அவன் இருக்கும்வரை தன் படலைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

தம்பி வந்த பிறகுதான் பிக்கப்புக்கு வேகமாக வயது ஏறியது. அவள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தொடக்கம் விளக்கில்தான். ஒருநாள் காலை சதுர விளக்கோடு சுன்னாகம் போன வண்டி, பின்னேரம் வட்ட விளக்கோடு வந்தது.

“லைற் எங்கை?” என்று கேட்டாள்.

“கல்லுப் பட்டு உடைஞ்சிட்டுது.”

“ரெண்டுமோ?”

“ரெண்டும்.”

அவ்வளவுதான் பதில். ஒரு நட்டுக்கு ஒரு மணித்தியாலம் விளக்கம் சொன்ன மனிதர், இரண்டு விளக்குக்கு இரண்டு சொல் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். விளக்கு மாறியது அவளை உறுத்தவில்லை. அந்த இரண்டு சொல்தான் உறுத்தியது.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. முன்பக்கம் ஒருநாள் தாழ்ந்து போய் வந்தது. முறுக்குக் கம்பியை விற்றுவிட்டார் என்று அவள் நினைத்தாள். கேட்டதற்கு, பழுது என்றார். கியர்த் தடியின் குமிழில் ஒன்று முதல் ஐந்து வரை எழுதியிருக்கும்; அது போய் எழுத்தில்லாத ஒரு மரக்குமிழ் வந்தது. அன்றிலிருந்து அவர் நாலாவது கியருக்கு மேல் போடுவதில்லை என்பதையும் அவள் பக்கத்தில் இருந்து கவனித்தாள். எஞ்சின் கத்திக் குழறும், ஆனால் ஐந்தாவது விழாது. கேட்டதற்கு அதுவும் பழுது. நீலச் சீற் போய்க் கிழிந்த சீற் வந்தது. வெள்ளை நிறத்துக்கு மேல் சாம்பல் பூச்சு, அதுவும் சுவருக்குப் பூசுகிற மாதிரி. ஒவ்வொரு பின்னேரமும் தும்புத்தடியோடு போய்ப் பின்தட்டைக் கூட்டுகிற சாட்டில் அவள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். புதிதாக ஏதாவது குறைந்திருக்கும், பழையதாக ஏதாவது கூடியிருக்கும்.

பிறகு ஒருநாள் பொனற்றும் முன்முகமும் மாறி வந்தன. கிட்டப் போனாள். மீன் மணத்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தபோதுதான் முன்கம்பிகளில் ஒன்று உள்ளே வளைந்திருப்பது தெரிந்தது. அந்த வளைவு, கலியாணம் முடிந்த மாதம் மாமனார் படலைத் தூணோடு முட்டியபோது விழுந்தது. இது அந்த எழுபத்தோராம் ஆண்டு வண்டியின் முகம். அதை எழுபத்தேழில் குருநகர் சிமியோனுக்கு விற்றார்கள். அவன் அதில் மீனும் ஐசும் ஏற்றினான். சிமியோன் செத்துச் சில வருடமாகிவிட்டது என்று கேள்வி.

வண்டிக்குள் ஏறிப் பார்த்தாள். உள்ளே அளவு காட்டுகிற தட்டும் பழையதுதான். அதன் மூலையில் அந்தோனியார் படம் ஒன்று ஒட்டியபடியே இருந்தது. சைவ வீட்டு வண்டியில் அந்தோனியார்.

குணலட்சுமி மட்டான புத்திக்காரி அல்ல. கணக்கு நேராகத்தான் போட்டாள். பழைய சாமான் குருநகரிலிருந்து வருகிறது என்றால், புதிய சாமான் குருநகருக்குப் போகிறது. அங்கே சிமியோன் இல்லை. இருப்பது அவனுடைய பெண்சாதி. பெயர் பெர்னடெட் என்று முன்பொருமுறை காதில் விழுந்தது. இங்கே எங்கள் வண்டி கிழவியாகிக்கொண்டு வர, அங்கே அவளுடைய வண்டி குமரியாகிக்கொண்டு வருகிறது. ஒரு ஆண்பிள்ளை தன் கண்மணி மாதிரி வைத்திருந்த வண்டியை உரித்து உரித்து ஒரு விதவைக்குக் கொடுக்கிறான் என்றால் அதற்கு ஊரில் என்ன பெயர்? பிக்கப் போனால் போகட்டும், குலையைத் தலையில் வைத்தும் விற்கலாம். இருபது வருடம் பக்கத்தில் இருந்த மனிதர் போய்விட்டாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை மினிபஸ்ஸில் ஏறி யாழ்ப்பாணம் போனாள். அங்கிருந்து குருநகருக்கு நடந்தாள். செல் குண்டு விழுந்து கூரையில்லாமல் நின்ற வீடுகளுக்கு நடுவே சிமியோனின் வீட்டை விசாரித்தபோது, ஒரு கிழவன் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கையைக் காட்டினான். கிடுகு வேலி. வேலியில் ஓட்டையாக ஒரு பொட்டு. அதில் கண்ணை வைத்தாள்.

முற்றத்துக் கொடியில் பூப்போட்ட கவுன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பூக்கள். பின்னால் ஒரு கொட்டில். கொட்டிலுக்குள் பழைய வலைகளைக் குவித்து மூடியிருந்தார்கள், வலை விலகிய இடத்தில் நீலச் சீற்றின் ஓரம் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு சதுர விளக்குகள், கீறல்கூட இல்லாமல். கல்லுப் பட்டு உடைந்த விளக்குகள். வீட்டுக்குள் ஒரு பெண் குரல் யாரையோ ஏசியது, பிறகு சிரித்தது.

படலையடிக்குப் போய் “ஆர் வீட்டுக்காரர்?” என்று ஒரு சொல் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. அந்தக் கவுனைப் போடுகிறவளின் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. பார்த்தால் அந்த முகம் வீட்டுக்கும் கூடவே வரும் என்று பயந்தாள். வந்த வழியே திரும்பினாள். வழி முழுக்க அந்தப் பூக்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

அன்று இரவுச் சாப்பாட்டில் பிட்டைப் போட்டுவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“குருநகரிலை உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

நமசிவாயத்தின் கை பிட்டுக் கோப்பையிலேயே நின்றது.

“அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?” என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

இதைவிட வேறு சாட்சி எதற்கு? ஆனாலும் மனம் ஒரு நூலில் தொங்கிக்கொண்டு கிடந்தது. அந்த நூலையும் அறுத்தது இலக்கத் தகடு. அடுத்த கிழமை வண்டி வந்தபோது முன்னும் பின்னும் பழைய தகடு தொங்கியது. சிமியோனுக்கு விற்ற வண்டியின் இலக்கம். சாமான்கள் போனது போய், இப்போது எழுத்தின்படி வண்டியே பெர்னடெட்டினுடையது. குணலட்சுமி தும்புத்தடியை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

ஞாயிறு கனகரத்தினம் வந்தான். நமசிவாயம் தோட்டத்தில் நின்றார். தம்பிக்குச் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, அவன் இரண்டு வாய் உண்ணும்வரைதான் அவளால் பொறுக்க முடிந்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தானைக் கொஞ்சம் பயமுறுத்திவிடு, நீ சொன்னால் கேட்பார், அந்தக் குருநகர்க்காரியை விட்டுவிடச் சொல், வீட்டு வண்டியை உரித்துக் கொடுக்கிறார் என்று அழுதாள்.

கனகரத்தினம் விளங்காமல் பார்த்தான். வாகனங்களைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. அந்த எண்பத்து நாலு வாங்கியதைக் கடிதத்தில்தான் கேள்விப்பட்டவன், ஊருக்கு வருமுன் கண்ணால் கண்டதில்லை.

“புது வண்டியைத் தொண்ணூறிலை வவுனியாவிலை வித்துப்போட்டன் எண்டெல்லோ அத்தான் சொன்னவர். உது சிமியோனிட்டைத் திருப்பி எடுத்த பழசு, கிடைக்கிற சாமானைப் போட்டுத் திருத்திறன் எண்டு.”

கணவன் தம்பிக்கும் பொய் சொல்லியிருக்கிறார் என்றதும் அவளுக்கு ஆத்திரம் இரட்டிப்பானது.

“வித்ததோ? உதுதான் அது. முகத்தை மாத்தினால் எனக்குத் தெரியாதே?”

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. டீசல் எஞ்சின் அப்படியே இருக்கிறது, சத்தத்திலேயே தனக்குத் தெரியும் என்றாள். சாம்பல் பூச்சைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை என்றாள். டிஸ்க் பிறேக், முறுக்குக் கம்பி, ஐந்து கியர் என்று, ஒன்பது வருடம் கேட்டதை ஒரு மூச்சில் ஒப்புவித்தாள். அதில் எது மிச்சம், எது குருநகருக்குப் போயிற்று என்றும் தன் கணக்கைச் சொன்னாள். அழுகைக்கு நடுவிலும் அவளுடைய குரலில் பழைய பெருமை கொஞ்சம் இருந்தது.

கனகரத்தினம் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அந்தப் பெண்ணைப் பற்றி அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எஞ்சின் நல்லா ஓடுதோ என்று மட்டும் கேட்டான். பிறகு எழும்பிக் கையைக் கழுவினான்.

“நான் பாக்கிறன், அக்கா.”

கோப்பையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. தம்பிக்கு அக்காவின் கவலையில் சோறு இறங்கவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள். கனகரத்தினம் வரவில்லை. இரண்டு இளம் பொடியன்களும், மூக்குக்கண்ணாடி போட்ட கொஞ்சம் வயதான ஒருவரும். நமசிவாயம் அப்போதுதான் குலை ஏற்றி முடித்துத் தறப்பாளைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் வணக்கம் சொல்லி, வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். அவசரமில்லாத மனிதர்.

“இது என்ன மொடல் அண்ணை?”

“எழுபத்தொண்டு, தம்பி.”

“எழுபத்தொண்டிலை கியர் ஸ்டியரிங்கிலை எல்லோ இருக்கும்.”

“பிறகு கீழை மாத்தினது. எஞ்சினும் ஒரு பழைய டீசல் வானின்ரை.”

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு வண்டியைச் சேர்த்து ஒட்டியது தெரியத்தான் செய்தது. ஆனால் அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் ஓடிய வாகனம் எதுதான் ஒட்டாதது? இது உங்களுடைய வண்டிதானா என்று அவர் கேட்டார். வேறொருவருடைய வண்டி என்றால் இவரிடம் கேட்க முடியாது; தப்ப இன்னும் வழி இருந்தது.

நமசிவாயம் தறப்பாள் கயிற்றை இறுக்கிக்கொண்டே, சத்தமாகச் சொன்னார்.

“இல்லைத் தம்பி. குருநகரிலை பெர்னடெட் எண்டொரு மனிசியின்ரை வண்டி. நான் ஓடித்தான் குடுக்கிறன்.”

குசினி வாசலில் நின்ற குணலட்சுமிக்கு அது காதில் விழுந்தது. இத்தனை மாதம் தனக்கு மறைத்ததை, தன் முற்றத்தில் வைத்து, மூன்று அந்நியர் முன்னால், பெயரும் சொல்லிச் சொல்கிறார். அவளுக்குக் கண் மண் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

“பொய். இது எங்கடை வண்டி. எண்பத்து நாலிலை கொழும்பிலை புதுசா வாங்கினது. ஒருத்தியின்ரையும் இல்லை.”

நமசிவாயம் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் இன்னும் கத்தியிருப்பாள். கோபம் இல்லை. கிணற்றுக்குள் விழுந்தவரை மேலே நின்று பார்த்தால் தெரியுமே, அந்த முகம் இருந்தது.

“நன்றி அம்மா” என்றார் கண்ணாடிக்காரர்.

ஒரு பொடியன் வண்டிக்குக் கீழே படுத்து, நட்டுச் சாவியைப் போட்டு எதையோ திருகினான். இரண்டு பக்கமும் திருகிவிட்டு அவன் எழும்பியபோது, மாதக் கணக்காகக் குனிந்து நின்ற வண்டி முன்பக்கத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. முறுக்குக் கம்பி அங்கேயேதான் இருந்தது. யாரும் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. நட்டைத் தளர்த்தியிருந்தார், அவ்வளவுதான். மற்றவன் முன்சில்லுக்குள் கையை விட்டுப் பார்த்து, “டிஸ்க்தான்” என்றான்.

குலைகளை மரியாதையாக இறக்கிக் கொடுத்தார்கள். அலுவல் முடிந்ததும் அறிவிப்போம் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். வண்டி படலையைத் தாண்டி, பருத்தித்துறை வீதியில் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர்கள் மாறுவதைக் குணலட்சுமி கேட்டுக்கொண்டு நின்றாள். நாலாவதில் எஞ்சின் வழக்கம்போலக் கத்தத் தொடங்கியது. பிறகு ஒரு இடைவெளி விட்டு, சத்தம் தணிந்து, வண்டி சுகமாகப் போயிற்று. ஐந்தாவது விழுந்துவிட்டது. அதுவும் பழுதில்லை.

அவள் முற்றத்திலேயே குந்திவிட்டாள். இவர் ஒன்றையும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது. விளக்கையும் சீற்றையும் முகத்தையும் கழற்றி ஒளித்துவிட்டு, உயிரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். வண்டியைக் கிழவியாக்கியது மற்றவர்கள் ஆசைப்படாமல் இருக்க. அவள்தான் அதன் உண்மையான பிறந்த ஆண்டைச் சாதகம் மாதிரி வாசித்துக் காட்டியவள்.

“நான்தான் தம்பிக்குச் சொன்னனான்” என்றாள். “ஞாயிற்றுக்கிழமையே சொல்லிப்போட்டன். அந்தக் குருநகர் மனிசிக்குக் குடுக்கிறியள் எண்டு நினைச்சன்.”

நமசிவாயம் குலைகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

“அந்த மனிசிக்கு எழுவது வயசாகப் போகுது” என்றார். “பேத்தி அனுப்பின கவுனைப் போட்டுக்கொண்டு நிக்கும். புருசன்ரை வண்டியிலை என்ன வேணுமெண்டாலும் கழட்டிக்கொண்டு போ, உன்ரை சாமானை என்ரை கொட்டிலிலை போடு எண்டு சொன்னது அதுதான். உன்ரை மனிசிக்குச் சொல்லிப்போட்டியோ எண்டு ஒவ்வொரு முறையும் கேக்கும். ஓம் எண்டு சொன்னனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ கனகரத்தினத்துக்குச் சொல்லுவாய் எண்டு நினைச்சன்.”

அவர் வாழைநாரை விரலில் சுற்றிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

“சொல்லியிருந்தால் நீ சொல்லியிருக்கமாட்டாய். அது எனக்கு இப்பதான் விளங்குது.”

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குணலட்சுமி முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். வண்டிக்காக அழவில்லை. இருபது வருடத்தில் ஒருவரை ஒருவர் நம்பாமல் போன அந்த ஒரு வருடத்துக்காக அழுதாள்.

ஞாயிறு கனகரத்தினம் வந்தான். வரமாட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். நமசிவாயம் முற்றத்தில் சைக்கிளோடு நின்றார். அத்தானைக் கண்டும் காணாதவன்போல அவன் நேரே குசினி வாசலுக்கு வந்தான். சாப்பிட இருக்கவில்லை. வண்டி விஷயத்தில் தான் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். வண்டியைப் பதிந்ததில் பொய்யும் தகட்டில் பொய்யும் இருப்பதால் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். வண்டியை ஒளிக்கவென்று திட்டம் போட்டுத்தான் அத்தானும் அந்தக் குருநகர் மனிசியும் இதைச் செய்தார்கள் என்றால் இரண்டு பேரையும் கூப்பிடுவார்களாம். எப்போது விடுவார்கள் என்று தன்னால் சொல்ல முடியாதாம்.

“நீ அண்டைக்கு வேறை மாதிரியெல்லோ சொன்னனீ, அக்கா. எது உண்மை?”

குணலட்சுமி அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி. அவனுக்கு உண்மையைச் சொல்லி அவளுக்குப் பழக்கம். பொய் சொல்லிப் பழக்கமில்லை. முற்றத்தில் நமசிவாயத்தின் கை சைக்கிள் கரியரில் அசையாமல் நின்றது.

“நான் சொன்னதுதான் உண்மை” என்றாள். “அவருக்கும் அவளுக்கும் தொடர்பு. அவளுக்குக் குடுக்கத்தான் உரிச்சவர். தகட்டையும் அவளின்ரை பேரிலை மாத்தினவர். ஒளிக்கிறதுக்கு அவருக்கு எங்கை புத்தி?”

கனகரத்தினம் ஒரு அடி பின்னுக்கு வைத்தான்.

“ஒருத்தரும் அங்கை போய் விசாரிக்கவேண்டாம் எண்டு சொல்லு, தம்பி. எனக்கு இனி வெளியிலை தலைகாட்டேலாது. இருக்கிற மானமாவது மிஞ்சட்டும்.”

அவன் முகம் கறுத்தது. முற்றத்தில் நின்ற அத்தானை ஒருமுறை அருவருப்போடு பார்த்தான். குடும்ப விஷயம் என்று எழுதிவிடச் சொல்கிறேன் என்றான். தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் ஒருவன் நம்பினால் போதாது, நாளைக்கு யாராவது வந்து ஊரில் விசாரித்தால் ஊரும் அதையே சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வேலியடிக்குப் போனாள். அந்தப் பக்கம் பூரணம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பூரணத்துக்குத் தெரிந்தால் சுன்னாகம் சந்தைக்குத் தெரியும். குணலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு, என்ரை குடியைக் கெடுத்துப்போட்டார், குருநகர்க்காரிக்கு வண்டியைக் குடுத்துப்போட்டார் என்று குரல் எடுத்து அழத் தொடங்கினாள். முதலில் நடிப்பாகத்தான் அழுதாள். பிறகு அதை நிறுத்த அவளால் முடியவில்லை. பூரணம் ஓடிவந்து வேலிக்கு மேலாகக் கையைப் பிடித்து, எனக்கு அப்பவே சந்தேகம் இருந்தது என்று ஆறுதல் சொன்னாள்.

நமசிவாயம் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொல் மறுக்கவில்லை. பிழை செய்து பிடிபட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு, நாளைச் சந்தைக்குக் குலைகளைச் சைக்கிளில் கட்டத் தொடங்கினார்.